பார்வைக்கும் ஒரு பருவம் உண்டு

கண்டாவளை வயல்களிற் காலபோக நெல்லுக்கு எவ்வளவு மழை வேண்டும் என்பதிலும், எப்பொழுது வேண்டும் என்பதே பெரிது. பயிர் இளமையாய் நின்ற கிழமைகளிற் பெய்யாத மழை, அறுவடைக் காலத்திற் பெருகி வந்து கருகிய பயிரை மீட்க மாட்டாது. நிலத்துக்கு அமைந்த இத்தகைய பருவம் மூளைக்கும் உண்டு. கண் திறந்திருப்பது வேறு; காண்பது வேறு. காண்பதை மூளை கற்க வேண்டும். அக்கல்விக்குரிய காலமோ குறுகியது. இவ்வுண்மையை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு முந்நூறு ஆண்டுகளைக் கடந்தது.

அவ்வரலாறு ஒரு வினாவிலே தொடங்குகிறது. டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மொலினோ என்பார் 1688ஆம் ஆண்டில் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவிக் குருடன் ஒருவன் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டு அறிந்திருக்கின்றான். திடீரென அவனுக்குப் பார்வை கிடைக்குமாயின், தொடாமலே, பார்த்த மாத்திரத்தில் இது உருண்டை, இது கனசதுரம் என்று சொல்ல வல்லனோ? இதுவே அவர் வினா. மொலினோவின் மனைவியார் பார்வை இழந்தவர்; ஆதலின் வினா வெறும் வாதத்துக்காக எழுந்தது அன்று. சொல்ல மாட்டான் என்பதே மொலினோ, லொக் இருவரதும் கருத்து.

நாற்பது ஆண்டுகளின் பின், 1728இல், இலண்டன் சத்திர வைத்தியர் வில்லியம் செசல்டன், கண்புரையாற் குழந்தைப் பருவந்தொட்டே பார்வையற்றிருந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்த செய்தியை வெளியிட்டார். காணும் பொருள்கள் யாவும் தன் கண்களைத் தொட்டுக்கொண்டு நிற்பனபோல அவனுக்குத் தோன்றின. பூனை எது, நாய் எது என்று அவன் அடிக்கடி மறந்தான். ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தடவி, அதனை உற்று நோக்கி, இனி உன்னை அறிந்துகொள்வேன் என்னும் பொருள்படப் பேசி விடுத்தான். கை நெடுங்காலம் அறிந்திருந்ததைக் கண் அன்றுதான் கற்கத் தொடங்கியது.

இக்குறைபாடு கண்ணினதா, மூளையினதா என்னும் கேள்வி இருபதாம் நூற்றாண்டு வரை தீராது நின்றது. ஒஸ்ரின் றீசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சிம்பன்சிக் குட்டிகளை இருளிலே வளர்த்து, 1947இல் அதன் பயனை வெளியிட்டார். வெளிச்சத்துக்கு வந்த பின்னும் அவை குருட்டு விலங்குகள்போலவே நடந்துகொண்டன. ஆயின், நெடுங்கால இருள் விழித்திரையையே பழுதாக்கக்கூடும் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆகவே, ஐயம் முற்றாக அகலவில்லை.

அதை அகற்றியவர்கள் டேவிட் ஹூபெல், தோர்ஸ்ரன் வீசல் என்னும் இருவர். முன்னவர் கனடாவிலும் பின்னவர் சுவீடனிலும் பிறந்தவர்கள். அவர்கள் பூனையைத் தேர்ந்தனர். கண்டாவளைப் பட்டியிற் பிறக்கும் பசுக்கன்று அன்றே கண் விழித்துத் தாய்மடியைத் தேடும். பூனைக்குட்டியோ ஒரு கிழமைக்கு மேல் கண் மூடியே கிடக்கும். பிறந்த பின்னரும் அதன் பார்வை வளர்ந்துகொண்டே இருப்பதால் அது ஆய்வுக்கு உகந்ததாயிற்று.

குட்டியின் ஒரு கண்ணிமையை மட்டும் இரண்டு மூன்று மாதங்கள் தைத்து மூடிவைத்துப் பின்னர் திறந்தனர். அந்தக் கண் நலமாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள நரம்புக் கலங்களுள் ஏறக்குறைய எவையும் அதற்கு மறுமொழி தரவில்லை. யாவும் மற்றைக் கண்ணுக்கே உரியவாய் மாறியிருந்தன. இம்முடிவு 1963இல் வெளியாயிற்று. வளர்ந்த பூனையின் கண்ணை ஓராண்டுக்கு மேல் மூடியும் அத்தகைய கேடு உண்டாகவில்லை. கேடு விளையும் காலம் நான்காவது கிழமையிலே தொடங்கி, மூன்றாவது மாத முடிவோடு ஒழிகிறது என 1970இல் வரையறுத்தனர். அக்காலத்தின் உச்சத்தில் மூன்று நான்கு நாள் மூடலே போதுமானதாயிருந்தது.

இன்னொரு வியப்பும் வெளிப்பட்டது. இரு கண்களையும் மூடினால் இரட்டிப்புக் கேடு வரும் என எதிர்பார்த்தனர், அவ்வாறு நிகழவில்லை. கலங்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஒளிக்கு மறுமொழி தந்தன. இதனாற் பெறப்படுவது யாதெனில், இரு கண்களும் மூளையில் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன என்பதே. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றை வாய்க்காலின் நீர் அவ்வயலையும் தனதாக்கிக்கொள்வதுபோல, தெளிவாய்க் காணும் கண் காணாத கண்ணின் பங்கையும் கவர்ந்துகொள்கிறது. இவ்வாராய்ச்சிகளுக்காக இருவரும் 1981இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குட்டிகளின் பார்வையைப் பலிகொண்டு பெற்ற அறிவு இது. அதனை வீணாக்காதிருப்பது மனிதர் கடன்.

மொலினோவின் வினாவுக்கு விடை தந்த ஆய்வு இந்தியாவில் நிகழ்ந்தது. மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா, பார்வையற்ற இந்தியச் சிறுவர்க்குச் சிகிச்சையளிக்கும் 'பிரகாஷ்' திட்டத்தைத் தொடங்கினார். அதில் எட்டு முதல் பதினேழு வயது வரையான ஐவர், சிகிச்சை முடிந்த இரு நாள்களுக்குள் சோதிக்கப்பட்டனர். தொட்டறிந்த பொருளைப் பார்த்துத் தெரிந்தெடுக்க அவர்களால் இயலவில்லை என 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சில நாள்களிலேயே அத்திறன் வளரலாயிற்று. நுட்பமான பார்வை முழுமையாக மீளாவிடினும், பிந்தியும் மூளை ஓரளவு கற்கும் என்பது இதனாற் புலப்பட்டது. ஆகவே பருவம் தவறியவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை; பருவத்தில் உள்ளவர்களோ நாளை வீணாக்கலாகாது.

இப்பேருண்மை கண்டாவளை போன்ற ஊரின் ஒவ்வொரு வீட்டையும் தொடுவது. குழந்தையின் மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுவாரும், வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆறியிருப்பாரும் எங்கும் உளர். மாறுகண்ணில் ஒரு கண் ஒதுக்கப்படுமாயின், மூளை அதனைக் கைவிடத் தொடங்குகிறது. நல்ல கண்ணைச் சிறிது காலம் மூடி, சோர்ந்த கண்ணை உழைக்கச் செய்யும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 1743இலேயே எடுத்துரைத்தார். இன்றும் அது வழக்கிலுண்டு. இளவயதிலே அதன் பயன் பெரிது. பிறவியிலே அடர்ந்த கண்புரை இருப்பின், முதல் ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்குள் அதனை அகற்றுவதே சிறந்தது என்பது வைத்தியர்கள் கொள்கை.

கண்மணியில் வெண்மை தோன்றினாலும், இரு கண்களும் ஒரே திசையை நோக்காவிடினும், மருத்துவமாதிடம் உடனே காட்டுதல் வேண்டும். அறுவடை நாளாயினும் வேலையை நிறுத்திக் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்தேறிச் செல்லும் தாய் இழப்பது ஒரு நாட் கூலி. அவள் பிள்ளைக்கு மீட்டுக் கொடுப்பதோ ஓர் ஆயுட்காலத்துப் பார்வை. தவறிய போகத்துக்கு அடுத்த ஆண்டு மற்றொரு போகம் வரும். குழந்தையின் கண்ணுக்கு அந்தப் பருவம் ஒருமுறைதான் வருகிறது.