சோழவரத்து விருந்தாளிகள்

வாலாஜாபாத்தில் ரோட்டைக் கடப்பது ஒரு தனிக் கலை. ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒரு பக்கம், ஷிப்ட் முடிந்து ஆட்களை இறக்கிவிட வரும் கம்பெனி பஸ் இன்னொரு பக்கம். இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் இங்கே புழுதி கிளப்பியது கம்பெனிதான். ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனி!

ஊர்ப் பெயரில் இருப்பவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 1780ல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் கம்பெனிப் படை மரண அடி வாங்கியது. அதே வட்டாரத்தில், பாலாற்றங்கரையில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி ஒரு கன்டோன்மென்ட் வைத்துக்கொண்டது. சிப்பாய்கள் நடை பழகவும், குதிரை ஓட்டவும், துப்பாக்கி சுடவும் திறந்த வெளி வேண்டுமே. பிற்பாடு பட்டாளம் கிளம்பிப் போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ராணுவத்துக்கு நிலப்பசி அதிகம். அதைக் குறை சொல்லவும் முடியாது. பீரங்கிப் பயிற்சியை மொட்டை மாடியிலா நடத்த முடியும்? சிக்கல் எங்கே வருகிறது என்றால், ராணுவ வரைபடத்தில் 'காலி நிலம்' என்று இருப்பது நிஜத்தில் காலியாக இருப்பதில்லை. அங்கே ஆடு மேய்க்கும் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை முறுக்கிக்கொண்டு வரும் நாலு பேரும் இருப்பார்கள்.

பைக் பார்ட்டிகள் கதையை முதலில் பார்த்துவிடலாம். நம் ஊர்க் கதை அது.

இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் எப்போது வருவானோ என்று மதராஸ் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து விமான ஓடுதளங்களில் ஒன்று, நகரத்துக்கு வடக்கே கல்கத்தா ரோட்டில் இருக்கும் சோழவரம். போர் முடிந்தது. விமானங்கள் போயின. டி எழுத்து வடிவத்தில் வழவழவென்று ஓடுதளம் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. வண்டிப் பைத்தியங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. பந்தயம் சோழவரத்துக்கு வந்தது.

பம்பாயில் ஜுஹு, கல்கத்தாவில் பாரக்பூர் என்று அங்கேயும் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன்கூட உலகப்போர்க் காலத்து விமானப்படைத் தளம்தான். 1950ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது.

சோழவரம் பந்தயம் மதராஸுக்கு ஒரு திருவிழா மாதிரி. ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டால் அதுதான் பாதுகாப்பு. புல்லட்டும் யெஸ்டியும் சீறும். பழைய காரைப் பிரித்து, அறுத்து, ஒட்டி, சொந்தமாகப் பந்தயக் கார் செய்துகொண்டு வருவார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாதிரி ஆட்கள் உருவானது இந்தப் பட்டறையில்தான். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். (ஆமாம், பிற்பாடு லண்டனுக்குப் போன அதே மல்லையா!)

ஆனால் இத்தனை கொண்டாட்டமும் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில். நிலம் ராணுவத்துடையது. கிளப் வெறும் விருந்தாளி. விருந்தாளிக்கு அனுமதி உண்டு, உரிமை கிடையாது. அனுமதியை நம்பி ஒரு நிரந்தர கேலரி கட்ட முடியுமா? பாதுகாப்பு வேலிதான் போட முடியுமா?

கிளப்காரர்கள் சாமர்த்தியசாலிகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கினார்கள். 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை 1990ல் திறக்கப்பட்டது. அன்றைக்கு அங்கே பொட்டல். ஆறு வருஷம் கழித்து, 1996ல், அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். கார்த் தொழிற்சாலை வருவதற்கு முன்பே கார்ப் பந்தயம் வந்து சேர்ந்த ஊர் அது. எல்லையில் ரோந்து போவதற்காக ராணுவம் வாங்கியதால் இந்தியாவில் காலூன்றிய புல்லட்டும் இன்று ஒரகடத்தில்தான் தயாராகிறது.

ஆக, நம் ஊரில் பிரச்னை தீர்ந்த விதம் இதுதான்: காசு இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஜான்சன் வேலி என்று ஒரு பொதுநிலம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். ஜீப், பைக் எதுவானாலும் பாறை மேலேயும் மணலிலேயும் இஷ்டத்துக்கு ஓட்டலாம். 2007லிருந்து 'கிங் ஆஃப் தி ஹாமர்ஸ்' என்ற பிரபலப் பந்தயமும் நடக்கிறது. பக்கத்திலேயே டுவென்டிநைன் பாம்ஸ் மரைன் படைத்தளம். பெரிய அளவில் போர்ப் பயிற்சி செய்ய அந்த நிலம் வேண்டும் என்றது படை. வண்டிக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது.

2013 டிசம்பரில் சட்டம் வந்தது. பெரும் பகுதி படைக்கு. சுமார் 43,000 ஏக்கர் வருஷம் முழுக்க மக்களுக்கு. ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஏக்கர் இருவருக்கும் பொது. அதில் படைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 30 நாள். மீதி நாளெல்லாம் ஜீப்புகளுக்கு. முக்கியமான ஷரத்து ஒன்று: வெடிக்காமல் மண்ணில் தங்கிவிடக்கூடிய குண்டுகளைப் பொதுப்பகுதியில் பயன்படுத்தக் கூடாது.

நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1938ல் வெள்ளைக்காரன் போட்டது. களப் பயிற்சிக்கும் பீரங்கிப் பயிற்சிக்குமான சட்டம். ராணுவ ஒத்திகைக்கு ஓர் இடத்தை அதிகபட்சம் மூன்று மாதம் எடுக்கலாம். அதே இடத்தைச் சாதாரணமாக மூன்று வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையக் கூடாது. சேதமானால் நஷ்டஈடு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி, பீரங்கி சுடுவதற்கென்று அறிவிக்கப்படும் இடங்கள் தனி ரகம். அவை வருஷக்கணக்கில் நீடிக்கும். காஷ்மீரின் தோசமைதான் புல்வெளி 1964ல் பீரங்கிப் பயிற்சிக்குப் போனது. ஊர்மக்கள் போராடி, குத்தகை முடிந்து திரும்பி வந்தது 2014ல். ஐம்பது வருஷம்! பிறகு வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றி, 2016ல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள்.

புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் நடந்தது இன்னும் கொடுமை. 2021 டிசம்பர் 30. துணை ராணுவப் படையினர் சுடும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நாலு நாள் கழித்து இறந்துபோனான். அந்தப் பிள்ளை பயிற்சி நிலத்துக்குள் போகவில்லை. குண்டுதான் வீடு தேடி வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மையம் மூடப்பட்டது.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகத் திருப்போரூர் ரோட்டில் போனால் அனுமந்தபுரம். ராணுவமும் போலீஸும் சுடப் பழகும் இடம் அங்கேயும் உண்டு. பயிற்சிக்கு முன்னால் பேப்பரில் கலெக்டர் அறிவிப்பு வரும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை அந்தப் பக்கம் யாரும் நடமாட வேண்டாம், கால்நடைகளை ஓட்டிப் போக வேண்டாம் என்று நாலு வரி. ஆடு வைத்திருப்பவர் அன்றைக்கு ஆட்டைக் கட்டிப்போட்டு, தழை வெட்டிவந்து போட வேண்டும். அவருக்கென்று ஓர் இருங்காட்டுக்கோட்டை கிடையாது.