விளைவு வேண்டும் விழா: யப்பானின் தகத்தா ஆலயம்

யப்பான் என்றவுடன் ஆலைகளும் விரைவுப் புகையிரதங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்நாடு நெடுங்காலம் நெல்லை நம்பி வாழ்ந்த நாடாகும். இவ்வுண்மையை அறிய விரும்புவோர், நகோயா நகருக்கு வடக்கே கொமக்கியிலுள்ள தகத்தா ஆலயத்தைக் காணுதல் வேண்டும். ஆலயத்தின் பெயரைத் தாங்கிய புகையிரத நிலையமே அங்குண்டு.

927ஆம் ஆண்டில் தொகுத்து முடிக்கப்பெற்ற எங்கிசிக்கி என்னும் அரச விதிநூலின் ஆலயப் பட்டியலில் இவ்வாலயமும் இடம்பெற்றுள்ளது. எனவே இதன் வயது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதென்பது தெளிவு. சிந்தோ சமயத்தைச் சேர்ந்த இவ்வாலயத்தில் விளைச்சலின் தெய்வமாகிய மிதோஷியும், தமஹிமே என்னும் பெண் தெய்வமும் வழிபடப்பெறுகின்றனர். கணவனை இழந்த தமஹிமே, தந்தையின் ஊருக்கு மீண்டு, பிள்ளைகளை வளர்த்து, நிலத்தைத் திருத்த உதவினாள் என்பது ஐதிகம். வயல் விளைவதும் வயிறு வாய்ப்பதும் ஒரே அருளின் பயன் என அம்மக்கள் கருதினர்.

ஆண்டுதோறும் மார்ச் 15ஆந் திகதி இங்கு நிகழும் விழாவின் பெயர் ஹோனென் மத்சூரி. நிறைவிளைச்சல் விழா என்பது அதன் பொருள். ஹினோக்கி மரத்திற் புதிதாகச் செதுக்கிய, ஏறக்குறைய இரண்டரை மீற்றர் நீளமான ஆண்குறி வடிவத்தை, 42 வயதுடைய ஆடவர் தோளிற் சுமந்து வருவர். அவ்வயது தீங்கு பயக்கும் வயதென்பது அந்நாட்டார் நம்பிக்கை. பிள்ளைப்பேறு வேண்டுவோரும் உழவரும் கூடி வணங்குவர். இறுதியில் அரிசிப் பிட்டங்கள் கூட்டத்தினரிடையே வீசப்படும். அயலிலுள்ள இனுயாமாவில் ஓஅகத்தா ஆலயம் பெண்மையின் சின்னத்தைப் போற்றுகின்றது.

மெய்ஜி அரசு, மேலைநாட்டார் தம்மை இகழ்வரோ என்றஞ்சி, 1872இல் இத்தகைய உருவங்களுக்குத் தடை விதித்தது. நாட்டின் பல பாகங்களில் இவை மறைந்தொழிந்தன. தகத்தாவிலோ வழிபாடு நிலைத்தது. இன்று பிறநாட்டார் பலர் படம்பிடித்து நகைப்பதற்கென்றே அங்கு செல்கின்றனர்.

இவ்விழாவின் படத்தை முதன்முதற் கண்டபோது நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. இவை வாய்விட்டுப் பேசத் தகாதவை என்று பள்ளியிற் பயின்றவர்களல்லவா நாம்! ஆனால் அதன் வரலாற்றைப் படித்தபின் நகைப்பு அடங்கியது. விதைக்கு முளையும் மனைக்கு மகவும் வேண்டி நின்ற ஏழை உழவனின் மன்றாட்டே அம்மரவுருவம். ஒரு மக்களின் வழிபாட்டை எடைபோடுமுன், அவர்கள் எதை வேண்டி நின்றனர் என்று வினவுதல் நம் கடனாகும்.