கழுத்தில்லாத கிட்டார்

கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி சாலையோரக் காயலான் கடை ஒன்றில், மின்விசிறி இறக்கைகளுக்கும் தையல் மெஷின் காலுக்கும் நடுவே அது கிடந்தது. இரண்டு கொம்பு முளைத்த சிவப்புக் கட்டை. கழுத்து இல்லை, கம்பி இல்லை, பிக்கப் இல்லை. பாதி உரிந்த ஸ்டிக்கரில் ‘ஃபெண்டர்’ என்று மட்டும் இருந்தது. “ஃபாரின் சாமான் சார்” என்றார் கடைக்காரர். 200 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்தேன்.

சந்தேகம் ஸ்டிக்கரிலேயே தொடங்கியது. ஃபெண்டர் நிறுவனம் தன் பெயரைப் போடுவது கழுத்தின் உச்சியில், சுருதி முடுக்கும் தலைப்பகுதியில். வயிற்றில் பெயர் ஒட்டியிருந்தால் ஒட்டியவர் வேறு யாரோ.

வடிவம் மட்டும் பொய் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் பட்டறை 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர்தான் இதன் மூதாதை. வாசிப்பவரின் விலாவில் இடிக்காதபடி பின்புறம் சரித்துச் செதுக்கிய அந்த உடலை உலகமே நகலெடுத்தது. ஜப்பானின் தொழிற்சாலைகள் முதல் கொல்கத்தாவின் பட்டறைகள் வரை. கிப்சன் என்ற இன்னொரு கிட்டார் கம்பெனியின் பெயரை ஓரெழுத்து மாற்றிக் ‘கிவ்சன்’ என்று பெயர் வைத்துக்கொண்டதும் கொல்கத்தாக் கம்பெனிதான். ஆகவே வடிவத்தை வைத்து ஊர் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராடோகாஸ்டர் உடலின் கனம் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 44 மி.மீ. இது சரியாக ஒன்றரை அங்குலம். அசலில் இருப்பதுபோல் பின்பக்கம் ஸ்பிரிங் வைக்கும் குழி இதில் இல்லை. அதை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது. ஸ்பிரிங் இல்லாத வகையையும் ஃபெண்டர் விற்றதுண்டு. ஆனால் அந்த வகையில் கம்பிகள் உடலைத் துளைத்துப் பின்னாலிருந்து வரும். இதில் அந்த ஆறு துளைகளும் இல்லை. கழுத்தை உடலோடு இறுக்கும் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. நான்கும் ஒன்றுக்கொன்று கோணல். ஒரே அச்சில் ஆயிரம் உடல் துளைக்கும் இயந்திரம் அப்படிக் கோணாது.

முன்பக்கக் குழிக்குள் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு வால்யூம் கண்ட்ரோல். பழைய அமெரிக்கக் கிட்டாராக இருந்தால் அந்தக் கண்ட்ரோலின் முதுகில் எண் பொறித்திருக்கும். முதல் மூன்று எண்கள் செய்த கம்பெனியைச் சொல்லும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். இதன் முதுகில் ஒன்றுமில்லை. ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேருக்கு வாங்குகிற சாதாரண சாமான்.

மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட ரதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெருகேற்றிய சிற்பம் காட்டாததைப் பாதியில் நின்ற பாறை காட்டிவிடும், சிற்பி எங்கே தொடங்கினான், உளி எந்தப் பக்கம் போனது என்று. கிட்டாரிலும் பெயிண்ட் படாத குழிதான் பேசும். டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் சுவரில் உளி வெட்டுகள், முக்கால் அங்குல அகலத்தில், வரிசையாக. ஃபெண்டர் பெரும்பாலும் பயன்படுத்தியது ஆஷ், ஆல்டர் மரங்கள். இங்கே ஓரத்தைச் சுரண்டியதும் எண்ணெய்ப் பிசுக்கோடு எழுந்தது நம் வீட்டு நிலைக்கதவின் வாசனை. தேக்கு. கீழ் மூலையில் மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்த ஓர் ஆணித்துளை. கிட்டாருக்கு அந்த இடத்தில் ஆணி வேண்டியதில்லை. இந்தப் பலகை ஏற்கெனவே வேறொன்றாக வாழ்ந்த பலகை.

ஏன் இந்தப் பாடு? 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சாமானியன் எட்டாத உயரத்தில் வைத்திருந்தன. ஆசையோ அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்தது. பிறருடைய பாடல்களுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு இசையமைப்பாளரானார். கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் பெருகின. கிட்டார் இல்லாமல் அந்தப் பாட்டுகளை எப்படி வாசிப்பது? கையில் ஒரு படமும் பக்கத்தில் ஓர் ஆசாரியும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

சிவப்புக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே வார்னிஷ். மூன்று முறை உடை மாற்றியிருக்கிறது. மேல் விளிம்பில் வலது முழங்கை உராய்ந்த இடத்தில் மூன்றும் தேய்ந்து தேக்கு தெரிகிறது. ஒரு கை அங்கே பல ஆண்டுகள் சாய்ந்திருந்தால்தான் அப்படித் தேயும்.

என் தீர்ப்பு இதுதான்: மாடல், ஸ்ட்ராடோகாஸ்டர். பிறப்பிடம், ஓர் ஆசாரியின் பட்டறை. ஃபெண்டர் என்று விற்றால் அது மோசடி. போலி என்று தூக்கி எறிந்தால் அது அறியாமை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டை கிடக்கலாம். கிடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க அவசரப்படாதீர்கள். துருப்பிடித்த திருகாணி, அறுந்த ஒயர், உடைந்த பிளாஸ்டிக் தகடு எதையும் வீசாதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு குழிக்குள் பாருங்கள்.