வேட்பாளரின் முகமும் வேட்பாளரின் பேச்சும்

1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்குத் தேர்தல் நடந்தது. செந்தூல், பங்சார், இம்பி, பெட்டாலிங் என்று நகரம் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 12 இடங்களில் 9 இடங்களை அம்னோ–ம.சீ.ச. கூட்டணி கைப்பற்றியது. அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் தோற்றுப்போன மலாயா சுதந்திரக் கட்சியின் சார்பில் திருமதி ஏ. தேவகி கிருஷ்ணன் வென்றார். மலாயாவில் மக்கள் வாக்களித்துப் பொதுப் பதவிக்குத் தேர்ந்தெடுத்த முதல் பெண்மணி அவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

பெண்களைப் பத்திரிகைகள் அடியோடு மறந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. 1943-இல் நேதாஜியின் கூட்டத்தில் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஓர் இளம்பெண்ணின் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. வீட்டாருக்கே படத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர்தான் பின்னாளில் புவான்ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்தார், 1946-இல் ம.இ.கா. உருவானபோது உடன் நின்றார், 1980-இல் செனட்டரானார். இருந்தும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முதலில் வருவது அந்தக் காதணிதான்.

பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். தேர்தல் களத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘அழும் விதவை’. கணவரைச் சுட்டுக் கொன்ற துயரத்தோடு மேடையேறியவருக்குக் கொள்கை என்று ஒன்று இருக்கும் என நம்பப் பலருக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் 1998-இல் தந்தை அன்வார் கைதானபோது நூருல் இஸாவுக்கு வயது 17. ‘சீர்திருத்த இளவரசி’ என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2008-இல், லெம்பா பந்தாயில் அமைச்சர் ஷாரிசாட் அப்துல் ஜலிலைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. இளவரசி என்பது பாராட்டாயிற்றே என்று சிலர் கேட்கலாம். இளவரசியிடம் யாராவது வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிக் கேட்பார்களா?

பட்டத்தைவிடக் கேலி கொடியது. 2007 மே 9-ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகுவது பற்றி பத்து காஜா உறுப்பினர் ஃபோங் போ குவான் பேசினார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் இருவர் அதை அவருடைய மாதவிலக்கோடு இணைத்துச் சிரித்தார்கள். மகளிர் அமைப்புகள் கொதித்தெழுந்த பின்னர் பொதுவாகப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நாள் கணக்கில் செய்தி ஓடியது. ஒழுகிய கூரையைத்தான் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

2009-இல் புக்கிட் லாஞ்சான் சட்டமன்ற உறுப்பினரும் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினருமான எலிசபெத் வோங்கின் அந்தரங்கப் படங்கள் அவர் அறியாமல் எடுக்கப்பட்டுப் பரவின. குற்றம் செய்தவன் எவனோ. பதவி விலக முன்வந்தவர் அவர். விலகல் நடைபெறவில்லை. 2013-இலும் 2018-இலும் அதே தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் கூடியது 2014 மே மாதத்தில், தெலுக் இந்தான் இடைத்தேர்தலில். ஜ.செ.க. நிறுத்திய டயானா சோஃப்யா ஒரு வழக்கறிஞர். லிம் கிட் சியாங்கின் அரசியல் செயலாளர். ஜ.செ.க.வில் ஒரு மலாய்ப் பெண், சீனரும் இந்தியரும் நிறைந்த தொகுதியில் நிற்கிறார் என்பதே பெரிய அரசியல் செய்தி. ஆனால் முன்னுக்கு வந்தது அவருடைய முகம். எந்த நடிகையைப் போல் இருக்கிறார் என்று ஒப்பீடு நடந்தது. பிறகு நீச்சலுடை அணிந்த ஒரு பெண்ணின் படம், அவருடையது என்ற பெயரில் இணையத்தில் உலவியது. அது பிலிப்பைன்ஸ் நடிகை ஒருவரின் படம் என்று விளக்கம் சொல்வதிலேயே பிரச்சார நேரம் கரைந்தது. தோட்டத் தமிழர்களுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்க வேண்டிய நேரம் அது. மே 31-இல் கெராக்கான் தலைவர் மா சியூ கியோங்கிடம் 238 வாக்குகளில் தோற்றார். அந்தப் படத்தால்தான் தோற்றார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. 238 வாக்குகள் என்பது ஒரு தாமான் வாசிகளின் வாக்குகள்கூட இல்லை என்பதும் உண்மை.

செந்தூலை உள்ளடக்கிய பத்து தொகுதியில் 2018-இல் 22 வயது மாணவர் பி. பிரபாகரன் வென்றார். நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஊடகங்கள் வியந்தன. அனுபவம் போதுமா என்றும் கேட்டன. நியாயமான கேள்விதான். அவருடைய முகம் எந்த நடிகரைப் போல் இருக்கிறது என்று ஆராய்ச்சி நடக்கவில்லை.

பத்து காவான் முன்னாள் உறுப்பினர் கஸ்தூரி பட்டு 2013-இல் முதன்முறை நின்றபோது, அமரர் பி. பட்டுவின் மகள் என்றே பெரிதும் அறிமுகப்படுத்தப்பட்டார். 2020 ஜூலை 13-இல் மக்களவையில் அவர் பேசியபோது, பாலிங் உறுப்பினர் அவருடைய கறுப்பு நிறத்தைக் கிண்டல் செய்து, பவுடர் பூசச் சொன்னார். மறுநாள் நிறமும் பவுடரும் நாடு முழுவதும் செய்தியாயின. நாடாளுமன்றத் தேர்வுக் குழுவில் பெண்கள் ஏன் இல்லை என்பதுதான் அன்று அவர் எழுப்பிய கேள்வி.