அச்சேறாத உப்புக்கண்டம்

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் அச்சேறியது. நம் பாட்டிமாரின் உப்புக்கண்டம் ஏறவில்லை. மாட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கொடியில் காயவைத்து, கூலியில்லாத மழைநாளில் தணலில் சுட்டுத் தந்தார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து லைன் வீட்டுக்குத் திரும்பும் பேத்திக்குக் கொடி கட்ட இடமில்லை. கறி வாசனை வந்தால் வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்வார்.

வாசனைதான் சிக்கலாம்! 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அவர் ஆக்க வந்தது அரசு அளந்து கொடுத்த அரிசியும் பருப்பும். அவரை இடம் மாற்றிய ஆணை எதிர்ப்புக்குப் பிறகே ரத்தானது.

பாட்டிகளிடம் பக்குவம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். ‘ஒரு பிடி உப்பு’ என்கிறார்கள். யார் கைப்பிடி என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.