யாருடைய பாட்டு அது?

"உலகின் தலைசிறந்த றொக் பாடல்கள்" என்று எந்தப் பட்டியலைத் திறந்தாலும் லெட் செப்பலின் குழுவின் 'ஹோல் லொட்டா லவ்' எங்காவது ஓரிடத்தில் நிற்கும். அளவுக்கு மீறிப் புகழப்பட்ட பாட்டு என்று ஒரு தரப்பு, அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்று இன்னொரு தரப்பு. இந்தச் சண்டையில் இரண்டு தரப்புமே மறந்துவிடும் ஒரு பெயர் உண்டு. வில்லி டிக்சன்.

1915இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். சிக்காகோவுக்கு வந்து கொஞ்சக் காலம் குத்துச்சண்டை போட்டார். பிறகு பேஸ் வாத்தியத்தைக் கையில் எடுத்தார். செஸ் றெக்கோர்ட்ஸ் என்ற கம்பனிக்கு அவர் எழுதிக் கொடுத்த பாடல்களைத்தான் மடி வோட்டர்ஸ், ஹவ்லிங் வுல்ஃப் போன்ற ப்ளூஸ் ஜாம்பவான்கள் பாடினார்கள்.

1962இல் மடி வோட்டர்ஸ் பாடிய 'யூ நீட் லவ்' அவற்றில் ஒன்று. அந்தக் காலத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் சிக்காகோ இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1966இல் ஸ்மோல் ஃபேசஸ் என்ற லண்டன் குழு இந்தப் பாட்டைக் கொஞ்சம் மாற்றித் தங்கள் பெயரில் போட்டது. 1969 ஒக்டோபரில் லெட் செப்பலினின் இரண்டாவது அல்பம் வந்தது. முதல் பாட்டே 'ஹோல் லொட்டா லவ்'. எழுதியவர்கள் என்று குழுவின் நான்கு பேருடைய பெயர்களும் இருந்தன. டிக்சனின் பெயர் இல்லை. அமெரிக்காவில் அது 4ஆம் இடம் வரை ஏறியது.

நியாயமாகச் சொல்வதானால், ஜிம்மி பேஜ் வாசிக்கும் அந்தக் கிட்டார் துண்டு அவருடையதுதான். பொன்ஹமின் ட்ரம்ஸும் அபாரம். நடுவில் வரும் தெரெமின் அலறல்தான் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆனால் பாடல் வரிகளில் பெரும்பகுதி டிக்சனுடையவை.

ப்ளூஸ் மரபில் ஒருவர் வரியை இன்னொருவர் எடுப்பது வழமைதானே, டிக்சனும் பழையவர்களிடம் எடுத்தவர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் எடுத்ததைத் தங்கள் பெயரில் பதிந்து றோயல்டி வாங்கத் தொடங்கிய பிறகு அதை மரபு என்று எப்படிச் சொல்வது? ஒப்படையைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குக்கூட நாங்கள் சிவப்புப் பேனா எடுக்கிறோம்.

இதே அல்பத்தின் கடைசிப் பாட்டிலும் இதே கதைதான். அதற்கும் டிக்சனுக்கு உரிய இடம் பிறகுதான் கிடைத்தது.

1985இல் டிக்சன் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு 70 வயது. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் காணப்பட்டது. இன்று அந்தப் பாட்டின் கீழ் ஐந்தாவது பெயராக அவருடைய பெயரும் இருக்கிறது.

ப்ளூஸ் கலைஞர்கள் தங்கள் உரிமைகளை மீட்க உதவுவதற்கென்று அவர் 'ப்ளூஸ் ஹெவன்' என்ற அமைப்பையும் தொடங்கினார். 1992 ஜனவரியில் காலமானார். மறு வருடம் அவருடைய மனைவி, சிக்காகோவில் 2120, சவுத் மிச்சிகன் அவெனியூவில் இருந்த செஸ் கம்பனியின் பழைய கட்டடத்தையே வாங்கினார். அந்த அமைப்பு இப்போது இயங்குவது அங்கேதான்.