நீண்டகாலத் திட்டம் (நியூசிலாந்து உள்ளாட்சி)

நியூசிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் தம் முன்னுரிமைகளை வகுத்து வெளியிடும் சட்டப்பூர்வ ஆவணம். 2002ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி இது குறைந்தது 10 நிதியாண்டுகளுக்கு உரியது. 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வகுக்கப்படும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஆண்டுத் திட்டம் உண்டு.

உருவாகும் முறை: தன் வட்டாரம் அடைய வேண்டிய சமூகப் பயன்களை மன்றம் முதலில் வரையறுக்கிறது. அவற்றுக்கேற்பச் சேவைகளின் தரம், செலவு, சொத்துவரி, கடன் வரம்பு ஆகியவை முடிவாகின்றன. சாலை, வெள்ளத்தடுப்பு போன்றவற்றுக்குக் குறைந்தது 30 ஆண்டுக்கால உட்கட்டமைப்பு உத்தி வகுப்பதை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது.

மக்கள் பங்கு: முக்கியத் தெரிவுகளையும் அவற்றால் வரியில் நேரும் மாற்றத்தையும் விளக்கும் கலந்தாய்வு ஆவணம் வெளியிடப்படுகிறது. கருத்துரைக்கக் குறைந்தது 1 மாத அவகாசம் தரப்படும். நேரில் வந்து பேசவும் வாய்ப்புண்டு. முடிவெடுப்பில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பங்களிக்கும் வழிகளையும் திட்டம் குறிப்பிட வேண்டும். திட்டத்தில் தணிக்கையாளரின் அறிக்கையும் இடம்பெறும்.

முக்கியத்துவம்: மன்றத்தின் பதவிக்காலம் 3 ஆண்டுகளே; அது கட்டும் பாலமோ பல தலைமுறைக்கு உரியது. இன்றைய வரியைக் குறைத்துக் காட்டுவதற்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால், அந்தச் சுமை பிள்ளைகள் மேல் விழும். அதை முன்கூட்டியே மக்கள் அறியச் செய்வதே இத்திட்டத்தின் பெரும் பயன்.